உஷார்! 60,000 பொறியாளர் கணக்கில் நம் பிள்ளைகள் எங்கே?

குனோங் ராபாட், சிம்பாங் பூலாய், பூந்தோங், லாஹாட் பக்கம் இருக்கிறீர்களா? வீட்டில் படிவம் 2 அல்லது 3 படிக்கும் பிள்ளை இருக்கிறதா? அப்படியானால் இதைத் தள்ளிப்போடாமல் படித்துவிடுங்கள். படிவம் 4-க்குப் போகும்போது அந்தப் பிள்ளை எந்தப் பாடங்களை எடுக்கிறது என்பதை வைத்தே, நாட்டின் பெரிய தொழில்நுட்பத் திட்டம் ஒன்றுக்குள் அது போகுமா, வாசலிலேயே நின்றுவிடுமா என்பது முடிவாகிவிடும். இந்த விஷயம் நம் வீடுகளில் பலருக்கு வந்து சேரவே இல்லை.

2024 மே 28-ஆம் தேதி பிரதமர் அன்வார் இப்ராஹிம் தேசிய செமிகண்டக்டர் வியூகத் திட்டத்தை அறிவித்தார். 50,000 கோடி ரிங்கிட் முதலீட்டைக் கொண்டுவர வேண்டும், அதற்கு அரசாங்கம் குறைந்தது 2,500 கோடி ரிங்கிட் ஆதரவு தரும், 60,000 பொறியாளர்களைத் தயார் செய்ய வேண்டும் என்பது இலக்கு. ஈப்போக்காரர்களுக்கு இது எங்கோ நடக்கிற சங்கதி அல்ல. கார்செம் என்ற செமிகண்டக்டர் நிறுவனம் 1972-இல் இந்த ஊரில்தான் தொடங்கியது. அதன் தொழிற்சாலை ஒன்று விமான நிலையச் சாலையில், நம் வாசலுக்கு அருகிலேயே இருக்கிறது. சிம்பாங் பூலாயில் அதே துறையின் யுனிசெம் இருக்கிறது. ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸில் நம் அக்காமார், தம்பிமார் எத்தனை பேர் போய்வருகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

நல்ல செய்திதானே, இதில் உஷாராக என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பேராக் தமிழர்கள் இப்படி ஒரு நல்ல செய்தியை முன்பும் கேட்டிருக்கிறோம். நாட்டுக்கு அது நல்லதாகவே முடிந்தது. நமக்கு அப்படி முடியவில்லை.

கோலகங்சாரில் இன்றும் ஒரு முதிய ரப்பர் மரம் வேலி போட்டுப் பாதுகாக்கப்படுகிறது. 1877-இல் பேராக்கின் அன்றைய பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ அங்கே நட்டவற்றில் மிஞ்சியது அது என்கிறார்கள். அந்த ஒரு பயிரை வைத்து இந்த மண்ணில் நடந்த ஆராய்ச்சி சாதாரணமானதல்ல. 1925-இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. ஏற்றுமதியாகும் ரப்பர் மீது சிறு வரி விதித்து, அந்தப் பணத்திலேயே கழகத்தை நடத்தினார்கள். அங்கே உருவான ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மர வகை உலகெங்கும் பரவியது. செயற்கை ரப்பர் வந்து சந்தையைப் பிடிக்கத் தொடங்கியபோது, 1965-இல் மலேசிய ரப்பருக்குத் தர முத்திரை வைத்து, வாங்குகிறவர் கண்ணால் பார்த்து மதிப்பிடாமல் ஆய்வுக்கூட முடிவை வைத்து வாங்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1980களின் இறுதிவரை இயற்கை ரப்பர் உற்பத்தியில் நாம்தான் உலகில் முதலிடம். ஒரு சிறிய நாடு தன் கையில் இருப்பதை வைத்துப் புத்தாக்கக் கொள்கை வகுப்பதென்றால் எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதே ஆராய்ச்சி தோட்டத்து லயத்துக்குள் எப்படி வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1970களில் எத்தெபோன் என்ற மருந்து வந்தது. பால்வெட்டும் பட்டையில் தடவினால் பால் உறையாமல் அதிக நேரம் வடியும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டிக்கொண்டிருந்த மரத்தை இரண்டு நாள், மூன்று நாள் விட்டு வெட்டினாலும் போதும் என்ற நிலை வந்தது. மரத்துக்கு நல்லது, முதலாளிக்கு லாபம், நாட்டுக்கு ஏற்றுமதி. ஆனால் வெட்டும் நாள் குறைந்தால் வெட்டும் ஆளும் குறைய வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்குத் தலைவிளக்கோடு கிளம்பியவர்களிடம் அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

செம்பனையில் நடந்தது இன்னும் துல்லியமான கதை. நம் நாட்டுச் செம்பனையில் மகரந்தச் சேர்க்கை இயற்கையாகப் போதுமான அளவு நடக்கவில்லை. அதனால் தொழிலாளர்கள் மரம் மரமாகப் போய், மகரந்தத்தை டால்க் தூளோடு கலந்து, சிறு ஊதுகருவியால் பெண்பூங்குலையின் மேல் ஊதிவிடுவார்கள். பெரிய தோட்டங்களில் அது அன்றாட வேலை. 1981-இல் ரகுமான் சையது என்ற பூச்சியியல் அறிஞர் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டார். ஆப்பிரிக்காவில் செம்பனைக்கு மகரந்தம் சேர்ப்பது அந்த வண்டுதான் என்பதை அவர் கண்டறிந்திருந்தார். வண்டு பரவியது, காய் பிடிப்பு கூடியது, கைமகரந்த வேலை அப்படியே நின்றுபோனது. மலேசிய விவசாய வரலாற்றில் அதற்கு இணையான கண்டுபிடிப்பு அரிது. நாட்டுக்குக் கோடிக்கணக்கில் மிச்சம். சையது செய்தது அறிவியல், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. என் கேள்வி திட்டம் போட்டவர்களிடம்தான். லாபத்தைக் கணக்கெழுதிய தாளில், ஊதுகருவியைக் கீழே வைத்தவர்கள் அடுத்த மாதம் எங்கே போவார்கள் என்பதற்கு ஒரு வரி இருந்ததா?

இல்லை என்பதற்கு நம் குடும்பங்களே சாட்சி. ரப்பர் செம்பனையானது. செம்பனைக்கு ஏக்கருக்குத் தேவையான ஆள் குறைவு. பிறகு நிலம் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போனது. லயத்தைக் காலி செய்தவர்கள் பட்டண ஓரத்தில் பலகை வீடுகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். தோட்டத்தோடு வேலை மட்டும் போகவில்லை. வீடு, கோயில், பள்ளி, பிள்ளை மடுவம் எல்லாம் ஒரே கையெழுத்தில் போயின. இதற்கெல்லாம் முன்பே ஒருவர் உஷாரானார். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்படுவதைக் கண்டு, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, தொழிலாளியையே தோட்டத்தின் பங்குதாரராக்கினார். அரசாங்கத்தின் எந்தத் தொழில்நுட்பக் கொள்கையிலும் இல்லாத பாதுகாப்பு அந்தப் பத்து வெள்ளியில் இருந்தது.

ஈயத்துக்கும் இதே கதிதான். 1985 அக்டோபரில் சர்வதேச ஈய மன்றத்தின் பணம் தீர்ந்து, லண்டன் சந்தையில் ஈய வியாபாரம் நிறுத்தப்பட்டது. கிந்தா பள்ளத்தாக்கின் லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. லண்டனில் எடுத்த முடிவால் ஈப்போவில் அடுப்பு அணைந்தது.

இப்போது சில்லு, அதாவது செமிகண்டக்டர். இந்த முறை ஏன் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்றால், சிறிய நாடு வகுக்கும் தொழில்நுட்பத் திட்டங்களுக்கென்றே சில நோய்கள் உண்டு. அத்தனையும் மலேசியாவில் இருக்கிறது.

முதலில் பணம். கைமுதல் குறைந்த சின்னக் கடைக்காரர் எல்லாச் சரக்கையும் வாங்கி அடுக்க முடியாது, ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். நாம் ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒதுக்கும் 2,500 கோடி ரிங்கிட் அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 530 கோடி அமெரிக்க டாலர். தைவானின் டி.எஸ்.எம்.சி. என்ற ஒரே நிறுவனம் 2024 என்ற ஓர் ஆண்டில் தொழிற்சாலைகளுக்கும் இயந்திரங்களுக்கும் செலவழித்தது சுமார் 3,000 கோடி டாலர். அமெரிக்கா 2022-இல் சில்லுத் துறைக்கென இயற்றிய சட்டத்தில் ஒதுக்கியது 5,270 கோடி டாலர். இந்தக் களத்தில் எல்லாவற்றையும் செய்கிறோம் என்று நாம் சொன்னால் எதையும் செய்யவில்லை என்றுதான் பொருள்.

ஆனால் சிறிய நாடு என்பதை ஒரு சாக்காக ஏற்க நான் தயாரில்லை. இன்டெல் பினாங்குக்கு வந்தது 1972-இல். கார்செம் ஈப்போவில் தொடங்கியதும் அதே ஆண்டு. தைவான் தன் தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கழகத்தை அமைத்தது 1973-இல்தான். 1976-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, தன் இளம் பொறியாளர்களைச் சில்லு செய்யும் வித்தையைக் கற்றுவர அனுப்பியது. திரும்பி வந்தவர்களை வைத்து 1980-இல் யு.எம்.சி., 1987-இல் டி.எஸ்.எம்.சி. தைவானின் மக்கள்தொகை சுமார் 2 கோடியே 30 இலட்சம். நாம் 3 கோடியே 40 இலட்சம். ஏறக்குறைய ஒரே நேரத்தில் புறப்பட்டோம். அவர்கள் சில்லை உருவாக்குகிறார்கள். நாம் அரை நூற்றாண்டாக மற்றவர் உருவாக்கிய சில்லுக்கு உறை போட்டுச் சோதித்துக் கொடுக்கிறோம். உலகின் அந்த வேலையில் 13 விழுக்காடு நம்முடையது என்று பெருமையாகச் சொல்கிறோம். பெருமைதான், மறுக்கவில்லை. அதில் கிடைக்கும் சம்பளத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது, தொடங்கியதை முடிக்காத பழக்கம். 2003-இல் பயோவேலி என்ற உயிரித் தொழில்நுட்ப நகரத்துக்குப் பெரிய விளம்பரம் கொடுத்தார்கள். 2005-இல் அது கைவிடப்பட்டு, பயோநெக்சஸ் என்ற வேறு திட்டம் வந்தது. கூலிமில் அரசாங்கப் பணத்தில் எழுந்த சில்தெரா சில்லுத் தொழிற்சாலையை 2021-இல் அரசாங்க முதலீட்டு நிறுவனமான கசானா விற்றுவிட்டது. 2018 மே முதல் 2022 நவம்பர் வரை நான்கு முறை பிரதமர் மாறினார். அறிவியல் அமைச்சு 2018-இல் எரிசக்தி, சுற்றுச்சூழலோடு சேர்க்கப்பட்டு, 2020-இல் மறுபடி பிரிக்கப்பட்டது. சில்லு வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனத்தோடு பத்து ஆண்டுகளுக்கு 25 கோடி டாலர் ஒப்பந்தம் 2025 மார்ச்சில் கையெழுத்தானது. அதை முன்னின்று நடத்திய அமைச்சர் ரபிஸி ரம்லி ஜூனில் பதவியில் இல்லை. ஒரு பொறியாளரை உருவாக்கவே படிவம் 4-இலிருந்து எட்டு ஆண்டு ஆகும். எட்டு ஆண்டு ஒரே திசையில் நடக்க நம் கொள்கைகளுக்குப் பொறுமை இருந்ததில்லை.

ஆராய்ச்சிச் செலவைப் பாருங்கள். 2030-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3.5 விழுக்காட்டை ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிடுவோம் என்கிறது தேசிய அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கக் கொள்கை. 2016-இல் அது 1.44 விழுக்காடாக இருந்தது. 2018-இல் 1.04. 2020-இல் 0.95. இலக்கு மேலே போகப்போக, அந்த ஆண்டுகளில் செலவு கீழே இறங்கியது.

உருவாக்கிய ஆளையும் பிடித்து வைக்க முடியவில்லை. உலக வங்கி 2011-இல் வெளியிட்ட அறிக்கையின் கணக்குப்படி வெளிநாட்டில் வாழும் மலேசியர்கள் சுமார் 10 இலட்சம் பேர், அவர்களில் மூன்றில் ஒருவர் உயர்கல்வி கற்றவர். பெரும்பகுதி சிங்கப்பூரில். ஈப்போவில் இதைச் சொல்ல அறிக்கை எதற்கு? தீபாவளிக்கு முதல்நாள் நெடுஞ்சாலையில் வடக்கே வரும் கார்களைப் பார்த்தால் போதும்.

இவையெல்லாம் புத்ரஜெயாவின் தலைவலி என்று விட்டுவிடாதீர்கள். திட்டம் தடுமாறும்போது பெரிய முதலாளி வேறு தொழிலுக்குப் போவார், பொறியாளர் சிங்கப்பூருக்குப் போவார், ஆப்பரேட்டர் எங்கே போவார்?

அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வட்டத் தகடாக வரும் சில்லுகளைச் சன்னமாக அறுத்து, ஒவ்வொன்றையும் உலோகச் சட்டத்தில் ஒட்டி, தலைமுடியைவிட மெல்லிய கம்பியால் இணைத்து, கரும்பிசினால் மூடி, சோதித்து அனுப்ப வேண்டும். கம்பி இணைக்கும் பகுதியை வயர் போண்டிங் என்பார்கள். முன்பு பெரும்பாலும் தங்கக் கம்பி. தங்கம் விலை ஏறியதும் உலகமெங்கும் தொழிற்சாலைகள் செம்புக்கு மாறின. தலை முதல் கால்வரை வெள்ளை உடை, கண் மட்டும் தெரியும், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். இப்படி ஒரு தொழிற்சாலையில் பல வருடம் வேலை செய்த பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் சொன்னார்: “முன்னயெல்லாம் ஒரு வரிசை மிஷினுக்கு நாலஞ்சு பேரு நிப்போம் தம்பி. இப்ப ஒருத்தர் நடந்துகிட்டே இருக்கணும். மிஷினு தானாவே பார்த்துக்குது, சிவப்பு லைட் எரிஞ்சா மட்டும் நாங்க போவோம்.” அடுத்து அந்தச் சிவப்பு விளக்கையும் இன்னொரு இயந்திரம் வந்து பார்த்துக்கொள்ளும். செமிகண்டக்டர் திட்டத்தின் முதல் கட்டமே இருக்கும் தொழிற்சாலைகளை நவீனப்படுத்துவதுதான். நவீனப்படுத்துவது என்றால் ஷிப்டுக்கு ஆள் குறைப்பது என்றும் அர்த்தம் உண்டு. எத்தெபோனையும் வண்டையும் மறந்துவிடாதீர்கள்.

முதலாளி யார் என்பதும் நம் கையில் இல்லை. ஈப்போவில் பிறந்த யுனிசெம்மில் சீனாவின் தியான்சுயி ஹுவாத்தியன் 2019-இல் பெரும்பங்குதாரரானது. அதே ஆண்டில் யுனிசெம்மின் பாத்தாம் தொழிற்சாலை மூடப்பட்டது. வியாபாரத்தில் இதெல்லாம் நடப்பதுதான், நிறுவனத்தைக் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. முடிவுகள் நமக்கு எவ்வளவு தூரத்தில் எடுக்கப்படுகின்றன என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி நேராக வீட்டுக்குள் வருகிறேன். 60,000 பொறியாளர் என்பது அறிவிப்பு. பொறியியல் பட்டப்படிப்புக்கு எஸ்.பி.எம்.மில் கூடுதல் கணிதமும் இயற்பியலும் வேண்டும். இந்த இரண்டையும் படிவம் 4-இல் எடுக்காத பிள்ளைக்குப் பிறகு எத்தனை திட்டம் வந்தாலும் பெரும்பாலான கதவுகள் மூடியே இருக்கும். முன்பு பி.டி.3 தேர்வு முடிவு வந்து பெற்றோரைத் தட்டி எழுப்பும். 2022-இல் அது ரத்தானது. பாடத்தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் தாள் பள்ளியிலிருந்து வரும்போது, “கஷ்டமான பாடம் வேணாம், பாஸ் ஆனா போதும்” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் புத்தாக்கப் போட்டிகளில் வெளிநாடு வரை போய்ப் பதக்கம் வாங்கி வருகிறார்கள், நாம் மாலை போடுகிறோம். அதே பிள்ளை இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் இல்லாத வகுப்பில் உட்கார்ந்திருப்பதை எத்தனை பேர் கவனித்தோம்? பள்ளியில் கூடுதல் கணித வகுப்பு நடத்தவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் கேளுங்கள், பக்கத்துப் பள்ளிக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

பட்டப்படிப்பு ஒன்றுதான் வழி என்றில்லை. நாட்டின் முதல் போலிடெக்னிக், உங்கு ஓமார், 1969 முதல் இதே ஈப்போவில் இருக்கிறது. அங்கே டிப்ளோமா முடித்தவர் தொழிற்சாலைக்குள் டெக்னீஷியனாக நுழைகிறார். ஆப்பரேட்டராக நுழைந்தவர் அந்த இடத்துக்கு ஏற எத்தனை வருடம் ஆகும் என்று உள்ளே இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு ஆபத்து வந்துகொண்டிருக்கிறது. பெரிய திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டதும் அதன் பெயரில் வகுப்பு நடத்திக் காசு பார்ப்பவர்கள் கிளம்பிவிடுவார்கள். ‘ஏஐ’, ‘சிப் டிசைன்’ என்று பேனர் போட்டு, மூன்றே மாதத்தில் சான்றிதழ், வேலை உத்தரவாதம் என்பார்கள். பணம் கட்டும் முன், பி.டி.பி.டி.என். கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன், அந்தப் படிப்பு மலேசியத் தகுதி நிர்ணய முகமையான எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிவிடுங்கள். படிப்பின் பெயரைப் போட்டாலே காட்டும். பொறியியல் பட்டமாக இருந்தால் பொறியாளர் வாரியத்தின் அங்கீகாரத்தையும் பார்க்க வேண்டும். கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் “இருக்குங்க, அப்ளை பண்ணியாச்சு” என்றால் அது இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

இப்போது தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள் உடனே பார்க்க வேண்டியது சம்பளச் சீட்டு. 2018 முதல் சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் நடப்பில் இருக்கிறது. ஆட்குறைப்பில் வேலை போனால் சில மாதங்களுக்கு உதவித்தொகையும் பயிற்சியும் உண்டு. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குப் போட்ட ஒப்பந்தம் முடிந்து, அதைப் புதுப்பிக்காமல் விட்டால் இந்தக் காப்புறுதி கிடைக்காது. ஏஜெண்ட் மூலம் ஆறு மாதம், ஒரு வருடம் என்று கையெழுத்துப் போட்டிருக்கும் நம் பிள்ளைகளில் பலர், மாதாமாதம் பணம் பிடிக்கிறார்கள், அதனால் பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒப்பந்தத் தாளை எடுத்து முடிவுத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். சந்தாவை ஏஜெண்ட் உண்மையிலேயே கட்டுகிறாரா என்று சொக்சோ அலுவலகத்தில் அடையாள அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

அடுத்த முறை நாடாளுமன்ற உறுப்பினரோ சட்டமன்ற உறுப்பினரோ கோயில் மண்டபத்துக்கோ பள்ளி நிகழ்ச்சிக்கோ வந்து செமிகண்டக்டர் பற்றிப் பேசினால், மாலை போடுவதற்கு முன் எழுந்து கேளுங்கள். அறுபதாயிரத்தில் இதுவரை பேராக்கில் எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள்? அதில் இந்தியர் எத்தனை? நவீனப்படுத்தலுக்கு மானியம் பெறும் தொழிற்சாலை, ஏற்கெனவே வேலை செய்யும் ஆப்பரேட்டர்களுக்கு மறுபயிற்சி தர வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறதா? பதிலை எழுத்தில் கேளுங்கள்.

வேலை போய்விட்டால் வீட்டில் உட்கார்ந்து யோசிக்க நேரம் இல்லை. சொக்சோவின் வேலைக் காப்புறுதி கேட்டு விண்ணப்பிக்க வேலை இழந்த நாளிலிருந்து 60 நாள்தான் அவகாசம்.